வயதைப் பார்த்தவர்கள் பார்க்காத ஆட்டம்

2025 ஜூலை 28 மாலை. இராஜபாளையத்தில் எங்கள் அடுப்படியில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜியாவின் பதுமியில் மகளிர் உலகக் கோப்பைச் சதுரங்க இறுதி. கோனேரு ஹம்பிக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இடையே மூன்று ஆட்டங்கள் டிரா. நான்காவது, இரண்டாம் ரேபிட் ஆட்டம். முதல் நகர்வின் சாதகம் வெள்ளை ஆடிய ஹம்பிக்கு. கடிகாரம் குறையக் குறைய இருவருமே பிசகினார்கள், வென்றிருக்க வேண்டிய நிலையைத் திவ்யாவும் நழுவவிட்டார். ஹம்பியின் பிசகு கடைசியாக வந்தது. கறுப்பு வென்றது.

மறுநாள் நான் படித்த செய்திகளில் வயதுதான் இருந்தது: பத்தொன்பதும் முப்பத்தெட்டும். கூடவே, அம்மாவைக் கட்டிக்கொண்டு திவ்யா அழுத படம். அழட்டும், அழ வேண்டிய நேரம்தான். ஆனால் ஆட்டம் எங்கே?

ஹம்பி 2017இல் மகள் பிறந்தபின் திரும்பி வந்து, 2019இலும் 2024 டிசம்பரிலும் மகளிர் உலக ரேபிட் பட்டம் வென்றவர். அன்றைய ரேபிட் சாம்பியனை, ரேபிட் ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு திவ்யா வீழ்த்தியிருக்கிறார். ஹம்பியை 'மூத்த தலைமுறை' என்று ஓரங்கட்டியபோது திவ்யாவின் வெற்றியையும் சேர்த்தே சிறிதாக்கிவிட்டார்கள்; இருவரையும் ஒரே வாக்கியத்தில்.

நகர்வுகளை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். அக்கா மகள் பலகையோடு வந்திருக்கிறாள். இருபதாவது நகர்வு வரை வைத்துப் பார்த்திருக்கிறோம்.