மூர்த்தி சிறிது

ரேஞ்ச்ஃபைண்டர் காமிரா என்ற பேச்சை எடுத்த மாத்திரத்தில், புகைப்படக் கலையில் நல்ல பரிச்சயமும் நல்ல ருசியும் உள்ள அன்பர்கள்கூட, அது செல்வந்தர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபரணம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுகிறார்கள். விலையைப் பற்றி அவர்களோடு வாதாட நான் வரவில்லை. ஜெர்மனியிலுள்ள வெட்ஸ்லர் நகரத்தில் தயாராகும் லைக்கா எம் வரிசைக் காமிராவைப் புதிதாக வாங்குவது குடும்பஸ்தர்கள் சாதாரணமாகச் செய்யக்கூடிய காரியம் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழையதாக வாங்கியோ இரவல் பெற்றோ அந்தக் காமிராவைக் கையில் எடுத்தவர்களும், அதற்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும் கட்டம் வந்ததும், எடை கூடியதும் வாய் அகன்றதும் விலை உயர்ந்ததுமான ஒன்றைத் தேடிப் போய், அதைச் சுமந்து சலித்து, "இந்தக் காமிராவில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என்ன இருக்கிறது என்பதைச் சிறிய லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

முதலில் பால பாடம். மற்றக் காமிராக்களில் லென்ஸ் காணும் காட்சியையே நாமும் காண்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரிலோ, காமிராவின் ஒரு மூலையில் உள்ள தனிச் சாளரத்தின் வழியாக உலகத்தை நேரே பார்க்கிறோம். முன்புறத்தில் ஏறக்குறைய 69 மி.மீ. இடைவெளியில் அமைந்த இரண்டு சாளரங்களின் வழியே வரும் இரு பிம்பங்கள், நடுவில் ஒரு சிறு ஒளிக்கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் ஃபோகஸ் முடிந்தது. படத்தின் எல்லையை வெள்ளைக் கோடுகள் காட்டும். கோட்டுக்கு வெளியே இருப்பதும் கண்ணில் படுவதால், சட்டத்துக்குள் நுழையப்போகிறவனை அவன் நுழையுமுன்பே பார்த்துவிடலாம். லைக்கா லென்ஸ்களின் பெயர்களைக் கண்டு மிரளவேண்டாம், அவை லென்ஸின் வாய் எவ்வளவு அகலும் என்பதையே சொல்கின்றன: எல்மாரிட் என்றால் எஃப் 2.8, சும்மிக்ரான் என்றால் எஃப் 2, சும்மிலக்ஸ் என்றால் எஃப் 1.4, அதற்கும் மேலே வாயைப் பிளந்தது நாக்டிலக்ஸ். பால பாடம் அவ்வளவுதான்.

சிறுமை இந்தக் காமிராவின் பிறவிக் குணம். ஆஸ்துமாவினால் அவதிப்பட்ட ஆஸ்கர் பர்னாக் என்னும் யந்திர நிபுணர், அக்காலத்துப் பெரிய காமிராக்களைச் சுமக்கச் சக்தியில்லாமல், சினிமா பிலிமைப் பயன்படுத்திக் கைக்கடக்கமான ஒன்றை அமைத்தார். 1925-ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் அது லைக்கா என்ற நாமகரணத்தோடு வெளிவந்தபோது, மாக்ஸ் பெரெக் கணித்துக் கொடுத்த 50 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ் அதில் இருந்தது. 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் அந்திம தினங்களில், திருவண்ணாமலைக்கு வந்திருந்த புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான், தம் ஆயுளின் பெரும்பகுதியை ஒரு லைக்காவோடும் ஒரு 50 மி.மீ. லென்ஸோடுமே கழித்தவர், காமிராவின் பளபளப்பான பாகங்களைக்கூடக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்துக்கொண்டவர். கண்ணுக்குப் படாமல் இருப்பது அவருக்குத் தொழில் தர்மம். நம்மவர்களோ, எதிரே நிற்பவர் கைகூப்பி வழிவிடும் அளவுக்குப் பெரிய கண்ணாடியை நீட்டிவிட்டு, இயல்பான படம் அகப்படவில்லையே என்று வருந்துகிறார்கள்.

பெரிய லென்ஸ் எதிரே நிற்பவரை மாத்திரம் மிரட்டுவதில்லை. எடுப்பவரின் கண்ணையும் மறைக்கிறது. பார்க்கும் சாளரமும் லென்ஸும் தனித்தனியாக இருப்பதால், லென்ஸ் நீண்டு பருத்திருந்தால் அதன் உடல் சாளரத்தின் வலது கீழ் மூலையில் வந்து குந்திக்கொள்ளும். 2008-இல் வந்த நாக்டிலக்ஸ் எஃப் 0.95 லென்ஸின் எடை 700 கிராம். ஜப்பானின் கோசினா கம்பெனி ஃபோக்ட்லெண்டர் என்ற பழம்பெயரில் செய்த கலர் ஸ்கோபார் 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸின் எடை 134 கிராம், நீளம் 23 மி.மீ. முன்னதை மாட்டியவர் காட்சியில் ஒரு மூலையைத் தானம் செய்துவிட்டுப் படம் எடுக்கிறார். பின்னதை மாட்டியவருக்கு உலகம் முழுதாகத் தெரிகிறது.

இனி, என்னைப் பேனா எடுக்கவைத்த விஷயத்துக்கு வருகிறேன். சிறிய லென்ஸ்கள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் விரல்பிடி உள்ளவை, விரல்பிடி இல்லாதவை என்று இரண்டு வகை உண்டு. இந்த வித்தியாசத்தை அறியாமல் கண்ணாடித் துண்டுகளின் எண்ணிக்கையையும் அபர்ச்சர் தகடுகளின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்வது வியர்த்தம். விரல்பிடி என்பது, ஃபோகஸ் வளையத்தின் அடியில், ஆள்காட்டி விரலின் நுனி பொருந்துமாறு பிறை வடிவில் குழிந்து தொங்கும் ஒரு சிறு நீட்சி. இடது உள்ளங்கையில் காமிராவை ஏந்தினால், தேடவேண்டிய அவசியமே இல்லாமல் விரல் தானாக அதில் போய் அமரும். பிடி நேர் கீழே தொங்கினால், லென்ஸுக்கு லென்ஸ் சற்று மாறுபட்டாலும், ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தூரம். ஒரு கோடிக்குத் தள்ளினால் முடிவிலி. மறு கோடிக்குத் தள்ளினால் 0.7 மீட்டர். இவ்வளவு யாத்திரையும் ஏறக்குறைய கால் வட்டத்துக்குள் அடக்கம். சில வாரங்கள் பழகியவருக்கு, வயலின் வித்துவானின் விரல் ஸ்வரஸ்தானத்தைக் கண்ணின் உதவியின்றி எட்டுவதுபோல, எதிரே வருபவரின் தூரம் விரலிலேயே படிந்துவிடுகிறது. காமிரா முகத்துக்கு உயரும்போதே ஃபோகஸ் பெரும்பாலும் முடிந்திருக்கும், ஒளிக்கட்டத்தில் பிம்பங்களைச் சேர்ப்பது கையெழுத்துப் போடுவது மாத்திரமே.

விரல்பிடி இல்லாத லென்ஸிலோ, வளையம் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கும். வட்டத்துக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை என்பது வேதாந்தத்துக்குப் பொருந்தலாம், வீதியில் படம் எடுப்பதற்குப் பொருந்தாது. ட்ஸைஸ் கம்பெனியின் சி-பயோகான் 35 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 200 கிராம் எடையில், ஓரம்வரை தெளிவாக வரையும் உத்தமமான கருவி. ஆயினும் அதன் வளையத்தில் ஒரு சிறு புடைப்பை மாத்திரம் வைத்து நிறுத்திவிட்டார்கள். பாதி வழி வந்து திரும்பிவிட்ட ஞானம் அது. சும்மிக்ரான் 50 மி.மீ. லென்ஸின் கதையோ இன்னும் வருந்தத்தக்கது. 1979 முதல் வந்த வடிவத்தில் விரல்பிடி இருந்தது; 1994-இல் இழுத்தால் நீளும் ஹூட்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, இருந்த பிடியை எடுத்துக்கொண்டார்கள். வெயிலுக்குக் குடை கொடுத்தவர்கள் விரலை அநாதையாக்கிவிட்டார்கள்.

விரல்பிடி உள்ளவற்றிலும் ஓர் உட்பிரிவு உண்டு. லைக்காவின் பழைய எல்மார் லென்ஸ்களிலும், 1955-இல் பிறந்து 2016-இல் மறுபிறவி எடுத்த சும்மரான் 28 மி.மீ. எஃப் 5.6 லென்ஸிலும், பிடிக்குப் பதிலாக ஒரு குமிழ் இருக்கும். முடிவிலிக்குத் திருப்பினால் "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். அமுக்கினால்தான் விடும். மலையைப் படம் எடுப்பவருக்கு இது சௌகரியம். மனிதரைப் படம் எடுப்பவருக்கு, அவசரத்தில் கதவு தாளிட்டுக்கொண்ட சங்கடம். ஆனாலும் அந்தச் சும்மரானிடம் எனக்குப் பக்ஷபாதம் உண்டு, 18 மி.மீ. நீளமே உள்ள லென்ஸிடம் யார்தான் கோபித்துக்கொள்வார்கள்? பூட்டு விழாத தூரத்தில் அதை நிறுத்திக்கொண்டு புறப்பட்டுவிட்டால் போதும்.

இவ்வளவு பெரிய விஷயத்தை விமரிசகர்கள் எழுதுவது இல்லை. அவர்கள் செங்கல் சுவரை எதிரே நிறுத்திப் படம் எடுத்து, அதன் மூலையை நூறு மடங்கு பெரிதாக்கி, அங்கே ஒரு செங்கல் மங்கலாக இருப்பதைக் கண்டு லென்ஸின்மேல் வழக்குத் தொடுப்பவர்கள். வேறொரு கூட்டத்தார் பின்புலம் எப்படிக் கரைகிறது என்பதைத் தவிர மற்றதைப் பேசமாட்டார்கள். 1979-இல் வந்த சும்மிக்ரான் 35 மி.மீ. லென்ஸுக்கு இந்தக் கரைசலை முன்னிட்டு ராஜா என்று பட்டம் கட்டியவர்கள் அவர்கள்தாம். அதன் உண்மையான பெருமை 160 கிராம் எடையும் அருமையான விரல்பிடியும். பட்டத்தினால் அதற்குக் கிடைத்த ஒரே லாபம் பழைய சந்தையில் ஏறிய விலை, அதுவும் விற்பவருக்கு. எதிரே இருப்பவரின் ஒரு கண்ணிமையைத் தவிர மற்ற உலகம் அனைத்தையும் பாலாகக் கரைத்துவிடுவது ஆழம் என்று எண்ணுகிறவர்கள், அந்த மனிதர் எந்தத் தெருவில், எந்தக் கடை வாசலில், யார் பக்கத்தில் நின்றார் என்பதை இழந்துவிடுகிறார்கள். மேலோட்டமான ரசனைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டிஜிட்டல் காமிராவுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு, அவற்றையும் சொல்லிவிடவேண்டும். 2004-இல் எப்ஸன் ஆர்-டி1 இந்த வழியைத் திறந்தது. 2006-இல் லைக்கா எம்8 வந்தது. அதன் சென்ஸார் 27-க்கு 18 மி.மீ. மாத்திரமே ஆகையால், 35 மி.மீ. லென்ஸ் அதில் ஏறக்குறைய 47 மி.மீ. லென்ஸின் பார்வையைத் தரும். 2009-இல் எம்9 முழு அளவுச் சென்ஸாரோடு வந்ததும் வேறொரு தொல்லை தலையெடுத்தது. பிலிம் எந்தச் சாய்விலிருந்து வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும். சென்ஸார் அவ்வளவு தாராளம் உள்ளது அல்ல. மிக அகன்ற பார்வையுள்ள குட்டி லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்ஸாரை ஒட்டினாற்போல் இருப்பதால், ஓரங்களில் ஒளி சரிந்து விழுந்து, படத்தின் விளிம்பில் செந்நீலச் சாயம் ஏறிவிடுகிறது. ஃபோக்ட்லெண்டரின் 15 மி.மீ. ஹீலியார் லென்ஸுக்கு இந்தக் காரணத்தினாலேயே 2015-இல் புது வடிவம் கொடுக்க நேர்ந்தது. சாயம் போயிற்று, கூடவே குட்டித்தனமும் போயிற்று. ஆகவே 28-க்கும் 50-க்கும் இடையில் நில்லுங்கள்.

பழைய எல்மாரைப்போல உடலுக்குள் மடங்கும் லென்ஸ்களை, டிஜிட்டல் காமிராவில் மாட்டிய பிறகு மடக்காதீர்கள். எம்8 காமிராவின் கையேடே அதைத் தடுக்கிறது. லென்ஸின்மேல் பொறித்த தூர அளவுகோலையும் அப்படியே நம்பவேண்டாம். 35 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து 3 மீட்டருக்குத் திருப்பினால், பழைய கணக்குப்படி 1.9 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். இக்காலச் சென்ஸார் அதைவிடக் கண்டிப்பானது. எஃப் 8-இல் எடுக்கும்போது எஃப் 5.6-க்கு உரிய கோடுகளைப் பாருங்கள், மனஸ்தாபம் வராது.

எதை வாங்குவது? முதல் லென்ஸ் 35 மி.மீ.; சிக்கனக்காரருக்கு ஸ்கோபார், கை தாராளமானவருக்குச் சும்மிக்ரான். இரண்டாவது வேண்டுமானால், 2006-இல் வந்த 180 கிராம் எல்மாரிட் 28 மி.மீ. போதும். இது பத்திரிகையில் எழுதவேண்டிய யோசனை. உங்களோடு தனியாகப் பேசுவதானால் வேறொன்று சொல்வேன்: 1973-இல் லைக்கா சி.எல். என்ற சிறு காமிராவுக்காகப் பிறந்த சும்மிக்ரான்-சி 40 மி.மீ. லென்ஸைத் தேடிப் பாருங்கள். எம் காமிராவில் அதற்கென்று கோடு கிடையாது. மாட்டினால் 50-க்கு உரிய கோடுகள் வந்து நிற்கும். கோட்டுக்கு வெளியே இன்னும் எவ்வளவு விழும் என்பதை மனத்தால் ஊகித்துக்கொள்ள வேண்டும். சாஸ்திரப்படி இது குறை. ஆனால் விரல் தூரத்தை ஊகிக்கிறது, கண் எல்லையை ஊகிக்கிறது; இரண்டும் பழகிவிட்ட பிறகு காமிராவில் மிச்சமிருப்பது பொத்தான் ஒன்றுதான்.

எந்த லென்ஸானாலும் வாங்குவதற்கு முன்பு கடையில் ஒரு பரீட்சை வைத்துவிடுங்கள். லென்ஸைக் காமிராவில் மாட்டச் சொல்லி, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு, விரலால் இரண்டு மீட்டருக்குத் திருப்புங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். நாலைந்து முறைக்குள் விரல் அந்த இடத்துக்கு அருகே போகத் தொடங்கினால், அந்த லென்ஸ் உங்களுடையது. எத்தனை முறை செய்தாலும் விரல் வழி தெரியாமல் அலைந்தால், எத்தனை நட்சத்திரம் பெற்ற லென்ஸானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்க பொருள் இந்தக் காலத்தில் வேறு எது இருக்கிறது?