தூவிப் பையும் ஈரத்தின் அளவுகோலும்

மருதானையிலிருந்து பதுளைப் பாதையில் கூடாரத்தோடு புறப்படும் இளையவர்கள், எந்த டவுன் ஸ்லீப்பிங் பாக் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். வாத்துத் தூவி அடைத்த பையை அதன் புகழைக்கொண்டு எடைபோட முடியாது. எந்தக் குளிரில், எந்த ஈரத்தில், எவர் தோளில் என்ற மூன்றையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும். நமது மலைகளைப் பொறுத்தவரை இரண்டாவதே முதன்மையானது. கடைகளில் காணும் மதிப்பீடுகளோ முதலாவதோடு நின்றுவிடுகின்றன.

தூவியின் புகழ் வறண்ட குளிரில் பிறந்தது. 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஜோர்ஜ் ஃபிஞ்ச் அணிந்த தூவி அங்கியைக் கண்டு சக ஏறுநர்கள் முதலில் நகைத்தார்கள், பிறகு பொறாமைப்பட்டார்கள். இன்றும் ராக்கி மலைகளின் உட்காடுகளில் மான் வேட்டைக்குப் போகிறவர், இறைச்சியையும் தானே சுமந்து இறங்கவேண்டும் என்பதால், எடை குறைந்த தூவிப் பையையே நாடுகிறார். ஆனால் மழை ஓயாத அலாஸ்காக் கரையோரத்தில் வேட்டையாடுகிறவர்கள் பலர் செயற்கை நார்ப் பைக்கு மாறிவிடுகிறார்கள். பொருள் ஒன்றுதான், களம் மாறும்போது தீர்ப்பும் மாறுகிறது.

நமது களம் எது? சாமுவேல் பேக்கர் நாய்களோடு மரை வேட்டையாடிய 19ஆம் நூற்றாண்டு மலைநாட்டில், கம்பளிச் சுமை கூலியாட்களின் தலைமேல் ஏறியது. எடை என்ற அளவுகோலே துரைமாருக்குத் தேவைப்படவில்லை. அந்த வேட்டைக்காடுகளில் ஒன்றான ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. வேட்டை ஒழிந்து, முகாம் மட்டும் எஞ்சியது. சுமை இன்று நடப்பவரின் தோளிலேயே இருக்கிறது. 2,100 மீற்றருக்கு மேலான இச்சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பம் 13 பாகை அளவு. தை, மாசி விடியலில் 5 பாகைக்குக் கீழே இறங்கும், சில நாள்களில் உறைபனியும் விழும். பத்தனைப் புல்வெளியின் பள்ளங்களில் குளிர்காற்று தேங்குவதால், காட்டோரத்தில் இல்லாத வெண்பனி அங்கே படியும். நக்கிள்ஸ் தொடர் இவ்வளவு குளிராது, ஆனால் முகிலும் அட்டையும் மழையும் அங்கு அதிகம். ஆக நமக்கு வேண்டியது 5 பாகையைத் தாங்கும் பை. மைனஸ் 10 என்று அச்சிட்ட பையை வாங்குகிறவர் பணத்தையும் வியர்வையையும் சேர்த்தே செலவழிக்கிறார்.

வெப்பநிலைக் குறியீட்டின் முறையியல் மதிக்கத்தக்கது. ஐஎஸ்ஓ 23537 தரநிலைப்படி, சூடேற்றிய மனிதப் பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளக்கிறார்கள். அதிலிருந்து கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்ற எண்கள் பிறக்கின்றன. முதலாவது, சராசரிப் பெண் இயல்பாகப் படுத்து உறங்கக்கூடிய வெப்பம். இரண்டாவது, சராசரி ஆண் சுருண்டு படுத்துத் தாக்குப்பிடிப்பது. மூன்றாவது உயிர் தப்புவதைப் பற்றியது, உறக்கத்தைப் பற்றியதே அல்ல. முறை நேர்மையானது, விற்பனைதான் நேர்மையற்றது: பல பைகளின் முகப்பில் பெரிய எழுத்தில் நிற்பது லிமிட் எண், சிலவற்றில் எக்ஸ்ட்ரீம். வாங்குகிறவர் கம்ஃபர்ட் எண்ணைத் தேடிப் படிக்கவேண்டும். அது இல்லாத பையை மதிப்பீட்டுக்கே எடுக்கவேண்டியதில்லை. இந்த எண்கள் பாய் விரித்து அளக்கப்பட்டவை என்பதும் நினைவிருக்கட்டும். முதுகின் கீழ் நசுங்கிய தூவிக்கு வெப்பம் காக்கும் வலு அநேகமாக இல்லை. நல்ல பாய் இல்லாதவருக்கு விலையுயர்ந்த பை வீண்.

ஃபில் பவர் என்ற எண் இன்னும் கூடுதலாகத் தவறாக வாசிக்கப்படுகிறது. ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதே அது. 850 என்பது 650ஐ விட உயர்ந்த தூவி என்பது உண்மை, 850 பை கூடுதல் வெப்பமானது என்பது உண்மையல்ல. 850 தரத்தில் 250 கிராம் அடைத்த பையைவிட, 650 தரத்தில் 350 கிராம் அடைத்த பை அதிகமாகவே விரியும். உயர்ந்த எண் தருவது எடைக் குறைவும் சிறு பொதியும். அவற்றின் மதிப்பு பல நாள் நடைக்குப் பெரிது, ஓரிரவு முகாமுக்குச் சிறிது.

கட்டமைப்பைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மேல்துணியும் உள்துணியும் ஒட்டித் தைத்த இடங்களில் ஒளி கசியும். குளிரும் அவ்வழியே வரும். பெட்டிபோல் அறை பிரித்துத் தைத்த பையில் அந்தக் கசிவு இல்லை, ஆனால் விலையும் எடையும் ஏறுகின்றன. 5 பாகைக்கு ஒட்டுத்தையல் பொறுக்கக்கூடிய குறை. சிப்பின் உட்புறம் நெடுக ஓடும் தூவிக்குழாய் இல்லாமையோ பொறுக்கமுடியாத குறை. துணியை விரலிடையில் உருட்டிப் பாருங்கள்: குச்சி குச்சியாகத் தட்டுப்பட்டால் அது இறகு கலந்த சரக்கு.

இனி, முதன்மையானது என்று சொன்ன ஈரம். தூவி வெப்பத்தைக் காப்பது தன் நுண்ணிழைகளுக்கு இடையே காற்றைப் பிடித்துவைப்பதால். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, காற்று வெளியேறுகிறது, பை சப்பையாகிறது. மழையில் நனைவதை எவரும் எதிர்பார்ப்பார். எதிர்பாராதது, முகிலுக்குள் கழியும் இரவு. வெளிக்காற்று ஈரத்தால் நிறைந்திருக்க, கூடாரச் சுவரில் மூச்சு நீராகப் படிந்து கால்மாட்டில் சொட்ட, உடலின் ஆவியும் தூவிக்குள் தங்குகிறது. முதலிரவில் இது தெரியாது. காயவைக்க வெயில் கிடைக்காத இரண்டாம், மூன்றாம் இரவில் தெரியும். நீர்விலக்கிப் பூச்சு ஏற்றிய தூவி இந்தச் சரிவைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை.

அதைவிடக் கடுமையான சோதனை கொழும்பில் நடக்கிறது. மலையில் பை கழிப்பது ஆண்டுக்குச் சில இரவுகள், மீதிக் காலமெல்லாம் அலுமாரியில். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். சப்பாத்திலும் தோல் இடுப்புப்பட்டியிலும் பூஞ்சணம் ஏறும் அதே அலுமாரிக்குள், அரைகுறையாகக் காய்ந்த தூவியை இறுக்கிச் சுருட்டி வைத்தால் அடுத்த பருவத்தில் நாற்றம் வீசும், தூவி கட்டி கட்டியாகத் திரளும். தளர்வான பருத்திப் பையில் தொங்கவிட்டு, மாதமொருமுறை உலர்ந்த நாளில் விரித்துக் காற்றாட விடுகிறவருக்கு மட்டுமே அது பல ஆண்டு உழைக்கும். இந்தப் பராமரிப்புச் செலவை எந்த விலைச்சீட்டும் சொல்வதில்லை.

செயற்கை நார் குறையற்றதா என்றால், இல்லை. அதே 5 பாகைக்குத் தூவிப் பை முக்கால் கிலோவில் முடிந்தால், நார்ப் பை ஒன்றேகால் கிலோவை எட்டும். பொதியில் பாதி இடத்தை விழுங்கும். சுருட்டிச் சுருட்டி விரிக்க நார் முறிந்து சில ஆண்டுகளில் தட்டையாகும், நன்கு பேணிய தூவி அதைவிட நெடுங்காலம் நிற்கும். ஆனால் ஈரமானாலும் நார் ஓரளவு வெப்பம் காக்கிறது, வீட்டில் துவைத்துக் கொடியில் போடலாம், விலையும் பாதிக்கு மேல் போவது அரிது. தூவியின் தோல்வி திடீரென்று வரும், நாரின் தோல்வி மெல்ல வரும். இருளில், ஊரிலிருந்து தொலைவில், மெல்ல வரும் தோல்வியே தேவலாம்.

இலங்கையில் மட்டும் நடக்கிறவருக்கு, அதிலும் நக்கிள்ஸை நாடுகிறவருக்கும் பருவம் பாராமல் புறப்படுகிறவருக்கும், கம்ஃபர்ட் 5 பாகையுள்ள செயற்கை நார்ப் பையே சரியான தேர்வு. மிச்சப்படும் பணம் நல்ல பாய்க்குப் போகட்டும். தை முதல் பங்குனி வரையான வறண்ட வாரங்களில் மட்டும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், பையை ஒழுங்காகப் பேணவும் கூடியவருக்கு, 650 முதல் 700 வரையான நீர்விலக்கித் தூவிப் பை தகும். அதற்கு மேலான எண் இங்கே ஆடம்பரம். நேபாள மலையேற்றத்துக்கு என்று முன்கூட்டியே கனத்த தூவிப் பை வாங்குவதிலும் நியாயமில்லை: காத்மண்டுவின் தாமெல் கடைகளில் அது நாள்வாடகைக்குக் கிடைக்கிறது. தூவி தலைசிறந்த பொருள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நம்முடைய மலைகளுக்கும் அலுமாரிகளுக்கும் அது தலைசிறந்த தேர்வாகாது என்பதே என் முடிவு.