முதல் அரைப் பக்கம்

பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களுக்குச் சீவி என்னும் சுயவிபரக் கோவை எழுதப் பழக்கும் பயிலரங்குகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெருகிவிட்டன. கான்வாவின் வண்ண மாதிரிகளும் சாட்ஜிபிடி எழுதித்தரும் ஆங்கில வசனங்களும் வட்ஸ்அப் குழுக்களில் கைமாறுகின்றன. எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் பயிற்றுநர்கள் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறந்த இடம், சமயம், விவாக நிலை, அடையாள அட்டை இலக்கம், முதலாம் வகுப்பிலிருந்து படித்த பாடசாலை ஆகியவற்றை வெளிநாட்டுப் பாணியைப் பார்த்து நீக்கிவிடக் கூடாதாம். அது எங்கள் நாட்டு வழக்கமாம். முழு விபரம் இல்லாத சீவியைக் கண்டால் கம்பனிக்காரருக்குச் சந்தேகம் வருமாம். இந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கொழும்புத் தமிழ்ப் பட்டதாரியின் சுயவிபரக் கோவையில் உள்ள பெருங்குறை அந்த விபரங்கள் நிரம்பிய முதல் அரைப் பக்கந்தான் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஐந்து பக்கக் கோவை இரண்டு பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. எழுத்துப் பிழை குறைந்திருக்கிறது. வங்கிக்கும் மென்பொருள் கம்பனிக்கும் ஒரே தாளை அனுப்பும் பழக்கம் தளர்ந்து, விளம்பரத்தை வாசித்து அது கேட்பதற்கேற்ப எழுத வேண்டும் என்ற தெளிவு வந்திருக்கிறது. தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதில் இருந்த கூச்சமும் ஓரளவு போயிருக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை.

அந்த அரைப் பக்கம் எங்கிருந்து வந்ததென்று தேட வேண்டியதில்லை. அது அரசாங்க விண்ணப்பப் படிவத்தின் வாரிசு. வெள்ளிக்கிழமை வர்த்தமானியோடு வரும் மாதிரிப் படிவத்தில் முழுப்பெயர், நிரந்தர முகவரி, பிறந்த திகதி, விவாக நிலை, அடையாள அட்டை இலக்கம் என்று வரிசை போகும். சிலவற்றில் இனத்துக்கும் ஒரு கூடு இருக்கும். கடைசியில் மேற்கூறியவை யாவும் உண்மையென்று ஓர் உறுதியுரை. போட்டிப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் அரசுக்கு வயதெல்லையைச் சரிபார்க்கவும் ஆளை அடையாளங்காணவும் அந்த விபரம் தேவைப்படலாம். அங்கே தெரிவைத் தீர்மானிப்பது பரீட்சைப் புள்ளி. தனியார் கம்பனிக்கு விண்ணப்பிக்கும்போது நேர்முகத்துக்கு முன்பு நடக்கும் ஒரே பரீட்சை அந்தச் சீவிதான். அதன் முதல் அரைப் பக்கத்தை, விண்ணப்பதாரி தானாகச் செய்யாத காரியங்களுக்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சாட்ஜிபிடியின் புதிய நாகரிகம் இதைத் திருத்தவில்லை, மோசமாக்கியிருக்கிறது. முன்பு ஒரு பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதிய நான்கு வரியில் தடுமாற்றம் தெரிந்தாலும் கூடவே ஆளும் தெரிந்தார். இப்போது எல்லாக் கோவைகளிலும் ஒரே வரிகள்: பொறுப்புணர்வுள்ளவர், குழுவாக இயங்க வல்லவர், சவால்களை விரும்புபவர். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இதே குரலில் பேசினால் வாசிப்பவர் எதை வைத்துப் பிரிப்பார்? ஆளுக்கு ஆள் வேறுபடுவது பாடசாலையின் பெயர், முகவரி, பிறந்த ஊர். கண் அங்கேதான் போகும். அழகான ஆங்கிலம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த பிறகு பிறப்பின் மதிப்பு ஏறியிருக்கிறது. எந்தப் பயிலரங்கிலும் இதை எவரும் பேசக் கேட்டதில்லை.

பாடசாலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் எந்த ஸ்கூல் என்பதுதான் முதற்கேள்வி. ரோயல் என்றால் ஒரு பார்வை, பம்பலப்பிட்டி இந்து என்றால் ஒன்று, புனித பெனடிக்ற் என்றால் இன்னொன்று, கொட்டாஞ்சேனையின் சிறிய பாடசாலை என்றால் கேட்டவர் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். அந்தப் பெயர் என்ன சொல்கிறது? முதலாம் வகுப்பு அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கை, பாடசாலைக்கு அருகில் குடியிருப்போரின் பிள்ளைகள், பழைய மாணவரின் பிள்ளைகள், அங்கேயே படிப்போரின் சகோதரர் என்று பிரிவு பிரிவாக இடம் ஒதுக்குகிறது. ஆகவே பாடசாலைப் பெயர், ஒரு பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது தகப்பன் எந்த வீதியில் குடியிருந்தார், தகப்பன் எங்கே படித்தார் என்பதையே பெரும்பாலும் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலால் இடம் மாறியவர்கள் உண்டு. அதுவும் பத்து வயதுக் கதை. பட்டம் முடித்த இருபத்துமூன்று வயதுக்காரரை ஐந்து வயதில் நடந்ததை வைத்து எடைபோட நாமே தராசைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பழைய மாணவர் தொடர்பால் வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. கிடைப்பவர்களுக்குக் கிடைக்கிறது. அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வரை வந்து, கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவருக்கு அந்தத் தொடர்பு எங்கே இருக்கிறது? அவருடைய பாடசாலைப் பெயரைக் கொழும்பில் கேள்விப்பட்டவர் எவருமில்லை. அவர் ஏறிவந்த தூரமே அவருடைய தகுதி. நமது வடிவத்தில் அது பலவீனமாக வாசிக்கப்படுகிறது.

அடுத்தது பிறந்த இடமும் நிரந்தர முகவரியும். இவை வெறும் தகவல் என்று சொல்பவர்கள் இந்த நகரத்தின் அண்மைக் காலத்தை மறந்துவிட்டார்கள். 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள், பெரும்பாலும் வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள், 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தப் போர் ஆண்டுகளில் சோதனைச் சாவடியிலும் பொலிஸ் பதிவிலும் கேட்கப்பட்டவை எவை? பிறந்த ஊர், நிரந்தர முகவரி, அடையாள அட்டை இலக்கம். பெற்றோர் பயந்து பயந்து சொன்ன அதே மூன்று விபரத்தையும் பிள்ளைகள் கேளாமலே சீவியின் தலைப்பில் எழுதுகிறார்கள். மண்டபத்தில் நின்று இதை வழக்கம் என்று கற்பிப்பவருக்கு இந்த வரலாறு தெரியாமலிருக்க முடியாது.

பெயரைப் பார்த்தாலே தமிழர் என்று தெரியுமே, மற்றவற்றை மறைத்து என்ன பயன் என்றொரு வாதமும் உண்டு. பெயரே எவ்வளவு கெடுதி செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பொருளியலாளர்களான மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பொஸ்டன், சிக்காகோ பத்திரிகைகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனைச் சீவிகளை அனுப்பினார்கள். தகுதியில் வித்தியாசமில்லை, பெயர்களை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையர் பெயருக்குப் பத்துச் சீவிக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு ஓர் அழைப்பு வரப் பதினைந்து சீவி வேண்டியிருந்தது. ஆய்வாளர்களான சுகதேவ் தோரட்டும் போல் அட்டுவெல்லும் இந்தியத் தனியார் கம்பனிகளிடம் இவ்வாறே சோதித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், அதே தகுதியிருந்தும் தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்புகள் குறைந்தன. பெயரொன்றே இத்தனை செய்யுமானால், பெயர் சொல்லாமல் விட்டதை நாமாக ஏன் நிரப்ப வேண்டும்? பெயர் தமிழர் என்று மட்டுந்தான் சொல்லும். எந்த ஊர்த் தமிழர், எந்தச் சமயம், எந்த வசதியுள்ள வீடு என்ற மீதிக் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பவும் வழியில்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறலென்று 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால், அது ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்துறையின் செயலாக இருக்க வேண்டும். தனியார் கம்பனியின் மனிதவள மேசையில் ஒரு கோவை ஒதுக்கப்பட்டதற்கு அந்தக் கதவு திறக்காது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்தையும் சமயத்தையும் விசேட வகைத் தரவாகக் கணிக்கிறது. சட்டமே தனிக் கவனம் கோரும் தரவை நாம் கண்ட மின்னஞ்சல் முகவரிக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பட்டதாரியின் கையில் மிஞ்சியிருக்கும் காப்பு, கொடுக்காமல் இருப்பதுதான்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வயதை மறைப்பதற்காகப் பிறந்த திகதியை எடுத்துவிட்டு இலக்கத்தை வைத்திருக்கும் கோவைகளை நிறையக் காண்கிறேன். பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக ஒரே எண்ணில் பிறந்த நாளும் வயதும் பாலும் அடங்கிவிடுகின்றன. நியமனக் கடிதம் தரும் நாளில் கேட்க வேண்டியது அது.

விவாக நிலை பெண் பிள்ளைகளுக்கே அதிகம் கேடு செய்கிறது. திருமணமாகாதவர் என்றால், கனடாவிலோ லண்டனிலோ மாப்பிள்ளை அமைந்ததும் போய்விடுவார் என்று கணக்குப் போடுகிறார்கள். திருமணமானவர் என்றால் பிரசவ விடுமுறைக்குக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு பதிலும் அவருக்கு எதிராகவே திரும்பும் கேள்விக்கு அவராகப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று வெள்ளவத்தையில் ஒரு பட்டதாரிப் பெண்ணுக்குச் சொல்வது அநியாயம். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

சந்தேகம் வரும் என்ற பயத்துக்கு வருவோம். விளம்பரம் இந்த விபரத்தைக் கேட்டிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். பசிக்கும் வீட்டுப் பிள்ளையைக் கொள்கைக்காகப் பலிகொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் கேளாத இடத்தில் கொடுக்காதவரைச் சந்தேகிக்கும் கம்பனி இருந்தால், அந்தச் சந்தேகத்தின் பெயர் என்ன என்பதைப் பயிற்றுநர்கள் வாய்விட்டுச் சொல்லட்டும். தனி ஒருவர் விட்டால்தான் அது துருத்தித் தெரியும். ஒரு வகுப்பு முழுவதும் விட்டால், ஒரு பீடத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவு முழுவதும் விட்டால், தெரியாது. அதைச் செய்யும் பலம் பயிலரங்குகளுக்கு இருக்கிறது. அவை வழக்கத்தின் பக்கம் நிற்கின்றன.

அந்த இடத்தைக் காலியாக்கினால் என்ன எழுதுவது என்ற கேள்வி நியாயமானது. இராமகிருஷ்ண வீதியிலுள்ள ஐ.ஐ.ரி.யில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் படிப்பவருக்கு ஓராண்டு தொழிற்பயிற்சி இருக்கிறது. எழுத ஏதோ இருக்கும். கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் தமிழில் ஆய்வேடு எழுதியவரும், நாவலை திறந்த பல்கலைக்கழகத்தில் பகலில் வேலை, இரவில் படிப்பு என்று முடித்தவரும் எழுத ஒன்றுமில்லை என்கிறார்கள். அது சரியல்ல. ஜம்பட்டா வீதியிலும் காலி வீதி ஒழுங்கைகளிலும் சாதாரணதரப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துத் தன் பஸ் காசையும் புத்தகக் காசையும் தேடிக்கொண்ட மாணவர் எத்தனை பேர்! ஒருவர் சீவியிலும் அதைக் காணோம். ரியூசன் வேலையா என்று கேட்கிறார்கள். ‘இரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு மாணவர்களுக்குச் சாதாரணதரக் கணிதம், வாரம் மூன்று வகுப்பு, கடந்த காலப் பரீட்சை வினாக்களை அலகு வாரியாகப் பிரித்துத் தொகுத்தேன், சித்தியடையாத மாணவர்களின் பெற்றோருடன் மாதந்தோறும் பேசினேன்’ என்று எழுதினால், திட்டமிடவும் விளங்கப்படுத்தவும் கசப்பான செய்தியைச் சொல்லவும் தெரிந்தவர் ஒருவர் கண்முன் நிற்பார். தகப்பனின் புறக்கோட்டைக் கடையில் விடுமுறை நாட்களில் இருப்புக் கணக்குப் பார்த்ததும் அப்படித்தான். தாயாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சிங்களத்தில் வைத்தியரிடம் பேசி, தமிழில் வீட்டாருக்கு விளக்கிய பிள்ளை, மொழிகள் என்ற தலைப்பின் கீழ் ‘தமிழ்: தாய்மொழி, சிங்களம்: நன்று’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்துகிறார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கிளை வைத்திருக்கும் வங்கிக்கு, மும்மொழியில் வாடிக்கையாளரின் முறைப்பாட்டைக் கேட்டு எழுதத் தெரிந்தவர் எவ்வளவு பெறுமதி என்பதை யாராவது அவருக்குச் சொன்னார்களா? பிறந்த இடத்துக்கு ஒரு வரி கொடுத்தவர்கள் இதற்கு ஒரு வரி கொடுக்கவில்லை.

கோவையின் அடியில் வரும் இரு சான்றாளர்களும் இதே நோயின் தொடர்ச்சி. ‘கிட்டிய உறவினரல்லாத இருவர்’ என்று விளம்பரம் கேட்கிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பிள்ளை, தகப்பனின் நண்பரான வைத்தியரையும் சட்டத்தரணியையும் போடுகிறது. துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை, தன்னை ஒருமுறைகூடச் சரியாகப் பார்த்திராத சமாதான நீதவானைத் தேடி ஓடுகிறது. இந்தச் சான்றாளர்களில் எவராலும் அந்தப் பிள்ளை எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. பதவிப் பெயர் மட்டும் பேசுகிறது. ஆய்வேட்டை மேற்பார்த்த விரிவுரையாளர் பேசலாம். விடுமுறையில் வேலை கொடுத்த கடை முதலாளி பேசலாம். இரண்டு ஆண்டுகள் தன் மகளைக் கணிதம் படிக்க அனுப்பிய தாய் பேசலாம், அவருக்குப் பதவி எதுவும் இல்லாவிட்டாலும். விளம்பரம் எழுதும் கம்பனிகள் அந்த வரியை ‘உங்கள் வேலையை நேரில் கண்ட இருவர்’ என்று மாற்றட்டும். அவர்கள் மாற்றும்வரை, அடுத்த பயிலரங்கில் மாணவர்களைக் கொண்டு முதலில் நிரப்பச் செய்ய வேண்டியது அந்த இரண்டு பெயர்களைத்தான்.