ஜிம்மி பேஜ்: மட்டையைப் பார்ப்பதா, கேப்டன்சியைப் பார்ப்பதா?

ராக் கிதார் கலைஞர்களுக்கு யார் தரவரிசை போட்டாலும் 'லெட் ஸெப்பலின்' ஜிம்மி பேஜ் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கூடவே சண்டையும் வந்துவிடும். 'விரல் தடுக்கி விழுகிற ஆளைப் போய் மேதை என்கிறீர்களே' என்று ஒரு கோஷ்டி எப்போதும் தயாராக நிற்கும்.

அந்தக் கோஷ்டி ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. 'ஹார்ட்பிரேக்கர்' பாட்டின் நடுவே குழு மொத்தமும் நின்றுவிட, கிதார் மட்டும் தனியாக ஓடுகிறது. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சுரங்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வருகின்றன. மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப் தலைக்கு மேல் பறக்கும் பவுண்டரி மாதிரி: ரன் வந்துவிடும், கோச் முகம் சுளிப்பார். 1985 ஜூலை 13 அன்று ஃபிலடெல்ஃபியா 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி மேடையில் நிலைமை இன்னும் மோசம். சுருதி விலகிய கிதார், ஒத்திகை போதாத குழு. 2004இல் அந்த நிகழ்ச்சியின் டிவிடி வந்தபோது தங்கள் காட்சிகளைச் சேர்க்கக் குழுவினரே சம்மதிக்கவில்லை.

பிறர் பாட்டைக் கடன் வாங்கிய புகாரும் உண்டு. புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் வழக்குப் போட்டு, சமரசமான பிறகுதான் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் அவர் பெயர் ஏறியது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கில் மட்டும் பேஜ் தரப்பு ஜெயித்தது.

இத்தனையையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: ஸோலோவுக்கு மட்டும் மார்க் போட்டால் அவருக்குக் கிடைத்திருப்பது தகுதிக்கு மீறிய புகழ். ஆனால் இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டன் மைக் பிரியர்லி டெஸ்ட்டில் ஒரு சதம்கூட அடித்ததில்லை; கேப்டனாக 31 ஆட்டங்களில் 18 வெற்றி. பேஜின் ஆட்டத்தையும் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 1968இல் கைக்காசைப் போட்டு, சுமார் 36 மணி நேர ஸ்டூடியோ வேலையில் முதல் ஆல்பத்தை முடித்தவர். குழுவின் எல்லா ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளர் அவர்தான்.

'வென் தி லெவி பிரேக்ஸ்' கேளுங்கள். மூலம் 1929இல் வந்த புளூஸ் பாட்டு. இங்கேயும் சரக்கு பழசுதான். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஜான் பான்ஹாமின் டிரம்ஸ். மைக்குகளோ மாடியில். பக்கத்தில் வைத்தால்தான் சத்தம் பெரிதாகும் என்று நாம் நினைப்போம். தள்ளி வைத்ததில் அந்த வீடே முழங்கியது. யோசனை யாருடையது என்பதில் பேஜுக்கும் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸுக்கும் கணக்கு ஒத்துப்போகாது. போகட்டும், ஃபீல்டை அப்படி நிறுத்தி ஆட விட்ட கேப்டன் பேஜ்தானே?

பாட்டு தொடங்கும்போது கிதார் கிடையாது. அந்த டிரம்ஸ் மட்டும்தான். 1986இல் ராப் குழுவான பீஸ்டி பாய்ஸ் தங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு எடுத்துக்கொண்டதும் அதையேதான்.