இருள் யாருக்கு வரம்?

அறிவியற் கட்டுரையும் ஓர் இலக்கிய வகையே. தகவல் சரியா, தவறா என்று மட்டும் அதனை அளந்தால் போதாது. யாரைப் பேச வைக்கிறது, யாரை மௌனத்தில் நிறுத்துகிறது என்றும் நோக்குதல் வேண்டும். சவ்வாது மலையின் காவலூர் வான் ஆய்வகத்தைக் குறித்துத் தமிழில் நாம் வாசித்த கட்டுரைகளை அவ்வளவுகோலால் மதிப்பிட முனைகிறோம்.

அவை சொல்லும் வரலாறு பெருமைக்குரியது. வைணு பாப்பு 1960களில் இம்மலையைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியும், 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனைக் கடந்தபோது, அதன் வளையங்களுக்கான சான்று இங்கும் பதிவாயிற்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவற்றை எளிய தமிழில் தந்தோர்க்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

ஆயினும் ஒரு பெருங்குறை உண்டு. நகர விளக்கொளி எட்டாத இருளே இவ்விடத்தின் சிறப்பு என்று புகழும் இக்கட்டுரைகள், அவ்விருளில் வாழ்ந்தோர் யார் என்று கேட்பதில்லை. மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைத்துவரும் மலை இது. கட்டுரைகளிலோ அவர்கள் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாக வருகின்றனர். அன்றேல் 'அறியாமை இருளில்' மூழ்கியோராக வருகின்றனர். வானியலார்க்கு வரமான இருள், மண்ணின் மக்களுக்கு மட்டும் வசையாகிவிடும் முரணை எழுதியவர் காணவில்லை.

இது வெறும் சொல்லணிக் குற்றமன்று. மாணவரை வெறும் பாத்திரமாகக் கருதி நிரப்பும் கல்வியைப் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரையிரே கடுமையாகச் சாடினார். மலைக்குழந்தையை இருள் என்று எழுதும் பேனா, அத்தகைய வகுப்பறைக்கே அடிக்கல் நாட்டுகிறது. மண்ணின் ஈரம் பார்த்து விதைப்பதிலும், தேனீயின் போக்கறிந்து தேனெடுப்பதிலும் உற்றுநோக்கல் உண்டு, ஒப்பிடல் உண்டு, பட்டறிந்து திருத்தலும் உண்டு. அறிவியலின் முதற்பாடம் இவையன்றி வேறென்ன?

அதற்காக மரபறிவு அனைத்தையும் துதிபாடுதலும் முறையாகாது. முதியோர் சொல்வதையும் பாடநூல் சொல்வதையும் மாணவர் ஒருங்கே சோதித்துப் பார்ப்பதே உண்மையான கூட்டுறவு.

அதற்கு முன்மாதிரி உண்டு. அகத்தியமலைக் காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து, கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று 1990களில் முடிவாயிற்று. காணிகள் அனைவரின் கருத்தும் கேட்கப்படவில்லை என்ற விமரிசனம் பின்னர் எழுந்தது, அதுவும் நியாயமே. எனினும் அறிவு தந்தவர்க்குப் பங்கு உண்டு என்னும் அறம் அங்கே ஏற்கப்பட்டது.

இனிக் காவலூரை எழுதுவோரிடம் நாம் வேண்டுவது இதுவே: தொலைநோக்கியின் விட்டத்தை அளந்து சொல்லுங்கள், அதன் அடிவாரத்தில் பயிலும் குழந்தை என்ன அறிந்திருக்கிறது என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். தொலைவில் உள்ளதை மட்டும் காட்டி, அருகில் உள்ளதை மறைக்கும் எழுத்து நிறைவான அறிவியல் எழுத்தாகாது.