கூர் இல்லாத வாளை ரசிப்பது எப்படி?

ஜப்பானிய வாள் என்றதும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் எஃகுதான் நினைவுக்கு வரும். பொக்குத்தோ என்று ஜப்பானியர் அழைக்கும் மரவாளைப் பெரும்பாலோர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. சுமார் ஒரு மீட்டர் நீளம், அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை, கூரில்லை, வேலைப்பாடில்லை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எஃகு வாளில் அழகுக்கென்று தனி இடங்கள் உண்டு. கைக்காப்புத் தகட்டின் செதுக்கலும் கைப்பிடியின் பட்டுப் பின்னலும் வெட்டுக்குச் சம்பந்தமில்லாமலே கண்ணைக் கவரும். மரவாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் ஒவ்வொரு கோடும் ஓர் அடிக்கோ ஒரு தடுப்புக்கோ பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைக் கண்டுபிடிப்பதே மரவாளை ரசிக்கும் வழி என்பது என் கட்சி.

மரத்திலிருந்து தொடங்கலாம். கியூஷூ தீவில், மியாசாகி மாகாணத்தின் மியாகோனோஜோ நகரம் இந்தத் தொழிலின் மையம். அங்கும் இன்று சில பட்டறைகளே மிஞ்சியிருக்கின்றன. அதிகம் பயன்படுவது ஜப்பானின் வெள்ளை ஓக்கும் செவ்வோக்கும். வாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி நாரோட்டத்தைப் பாருங்கள். பிடியிலிருந்து முனைவரை நேராக ஓடுகிறதா, பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறதா? நார் வெளியேறும் இடத்தில்தான் வாள் முறியும்; முறிந்த துண்டு எதிரில் நிற்பவர் முகத்துக்குப் பாயும். ஆகவே நேரான நாரோட்டம் கண்ணுக்கு இதமாக இருப்பது தற்செயலல்ல. கருங்காலி வாள் இதைவிடக் கம்பீரமாகத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், விலையும் கூடுதல். ஆனால் பயிற்சிக்கூடம் கேட்பது கடினத்தை மட்டுமல்ல, மோதலின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் தன்மையையும். வெள்ளை ஓக் அதில் பேர் வாங்கியது.

அடுத்தது வடிவம். எல்லா மரவாளும் ஒன்றுபோல இருக்கும் என்பது தூரத்திலிருந்து பார்ப்பவரின் நினைப்பு. காஷிமா ஷின்ரியூ மரபின் வாள் தடித்தது, வளைவு மிகக் குறைவு. வாளோடு வாள் பலமாக மோதும் பயிற்சிக்கு அந்தத் தடிமன் வேண்டும். யாக்யூ ஷின்காகே மரபின் வாளோ மெலிந்தது, இலகுவானது. ஐகிடோ தற்காப்புக் கலையை நிறுவிய மோரிஹெய் உவேஷிபா இவாமா என்ற ஊரில் கற்பித்த வழியில் வருபவர்கள் கனத்த வாளையே விரும்புகிறார்கள். சத்சுமா பகுதியின் ஜிகென்ரியூ மரபு இன்னும் ஒருபடி மேலே போய், வாள் வடிவத்தையே கைவிட்டது. அவர்கள் செதுக்காத மரக்கழியால் நட்டுவைத்த கம்பத்தை ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள். முதல் அடியிலேயே எல்லாம் முடிய வேண்டும் என்று நம்பும் மரபுக்கு வளைவின் நளினம் எதற்கு? ஒரு மரபு சண்டையைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் வாளின் குறுக்களவே சொல்லிவிடுகிறது.

ஆனால் தனியாகக் கிடக்கும் மரவாள் பாதிதான் பேசும். மீதியைக் கேட்க, ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் 1912இல் வகுக்கப்பட்ட கத்தாக்களை, அதாவது இருவர் முன்கூட்டியே வகுத்த அசைவுகளில் செய்யும் பயிற்சிகளைப் பாருங்கள். மொத்தம் 10, ஏழு நீள வாளுக்கு எதிராக நீள வாள், மூன்று நீள வாளுக்கு எதிராகக் குட்டை வாள். முதல் கத்தாவில் இருவரும் வாளைத் தலைக்கு மேல் ஓங்கி நெருங்குகிறார்கள். ஒருவர் வெட்டுகிறார், மற்றவர் பின்வாங்கி அதை வெறுங்காற்றில் இறங்கவிட்டு, உடனே தலையைக் குறிவைக்கிறார். நம் கண் இயல்பாக வெல்பவரிடம் போகும். தோற்பவரைக் கவனியுங்கள். கற்பிக்கும் இடம் அவருடையது. அவர் வெட்டு நிஜமாக இருந்தால்தான் மற்றவரின் விலகலுக்கு அர்த்தம் உண்டு.

முடிவு முன்கூட்டியே தெரிந்த சண்டை வெறும் நாடகம்தானே, மூங்கில் வாளால் மோதும் போட்டியல்லவா உண்மையானது என்பது வலுவான ஆட்சேபம். போட்டியில் இருக்கும் எதிர்பாராமை கத்தாவில் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உருண்டையான மூங்கில் வாளில் அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது எளிதில் தெரியாது. மரவாளில் வளைவும் முதுகும் அலகும் தெளிவாக இருப்பதால், மணிக்கட்டு சற்றே பிசகினாலும் பார்ப்பவர் கண்ணில் படும். அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 2003இல் அடிப்படை உத்திகளைக் கற்பிக்க மரவாள் பயிற்சி முறை ஒன்றை வகுத்ததிலும் இந்தத் தெளிவுக்குப் பங்குண்டு. மேலும், மரவாள் ஆபத்தில்லாத பொம்மை அல்ல, எலும்பை உடைக்கும். 1612இல் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி, தன் எதிராளி சசாகி கோஜிரோவை மரவாளால்தான் வீழ்த்தினார் என்பது வழிவழியாக வரும் கதை. மூங்கில் வாளும் கவசமும் புழக்கத்துக்கு வந்ததற்கே மரம் ஏற்படுத்திய காயங்கள் முக்கியக் காரணம். அப்படிப்பட்ட வாளை முழு வேகத்தில் இறக்கி, தலைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துவது நடிப்பால் ஆகிற காரியமல்ல.

இதற்கெல்லாம் மரபுகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நார் எப்படி ஓடுகிறது, தடிமன் எந்த மோதலுக்காக, அலகு எங்கே பார்க்கிறது, அடி எங்கே நிற்கிறது என்ற நான்கு கேள்விகள் போதும். இவற்றுக்குப் பதில் சொல்லும் எளிய ஓக் வாள், பதில் சொல்லாத விலையுயர்ந்த கருங்காலி வாளைவிட அழகானது.