சத்தமில்லாத செல்லம்

திருத்தணிக்குப் பக்கத்தில், கனகம்மாசத்திரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் பாம்புக்குப் பஞ்சமில்லை. சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், வரப்போரத்துத் தண்ணீர்ப் பாம்பு எல்லாம் உண்டு. ஒன்றைக்கூட வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மகுடிக்காரர்களின் பிழைப்பு போனதும் அதனால்தான். ஆகவே பாம்பு வளர்க்க ஆசைப்படும் இளைஞர்கள் ஆப்பிரிக்காவின் பால் (ball) பைத்தானையும் அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக்கையும் தேடுகிறார்கள்.

முதல் பாம்பாக இவற்றைச் சிபாரிசு செய்பவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. விஷமில்லை. பால் பைத்தான் பெரும்பாலும் மூன்று, நான்கு அடியோடு நின்றுவிடும். பயந்தால் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருளும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி போதும். முடி உதிராது, குரைக்காது, வீட்டுச் சொந்தக்காரர் காதில் விழாது. பாம்பு என்றதும் கட்டையைத் தேடும் ஊரில், ஒரு பிள்ளை அதைக் கையில் ஏந்திப் பழகினால் பயம் தெளியும் என்ற வாதத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் அந்தச் சத்தமின்மைதான் உறுத்துகிறது. நோவு வந்தால் நாய் முனகும்; பாம்பு சும்மா கிடக்கும். சுகமாகக் கிடக்கிறதா, குளிரில் இரை செரிக்காமல் கிடக்கிறதா என்பது புதியவருக்குத் தெரியாது. உடற்சூட்டுக்குச் சுற்றுப்புறத்தையே நம்பியிருக்கும் உயிர் அது. பெட்டியின் ஒரு முனை 32 டிகிரி, மறுமுனை 26 டிகிரி, இரண்டிலும் ஒளிய மறைவு, தோலுரிக்க ஈரப்பதம் என்று அதற்கு வேண்டியவை பல. தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுத்தட்டு வயிற்றைச் சுட்டுவிடும். திருத்தணிப் பக்கத்து மே மாதத்திலோ 40 டிகிரியைத் தாண்டும்போது பாடு குளிர்விப்பதில்தான். குளிர்நாட்டுக் கையேடுகள் சூடேற்றச் சொல்லித் தருகின்றன. மதியம் கரண்ட் போனால் என்ன செய்வது என்று சொல்வதில்லை. பால் பைத்தான் மாதக்கணக்கில் இரை எடுக்காமலும் இருக்கும். அது இயல்பா நோயா என்று யாரைக் கேட்பது? ஊர்க் கால்நடை மருத்துவர் மாட்டையும் ஆட்டையும் பார்த்துப் பழகியவர்.

பாம்பு வந்த வழி இன்னும் சங்கடமானது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் இருந்தன. ஜூலையில் திருச்சியில் இன்னொருவர் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். விற்பவர் "வீட்டிலேயே பொரிச்சது" என்னும்போது இந்தப் பெட்டிகளை நினைத்துக்கொள்ளலாம். 2024 விதிகளின்படி, அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும் கைமாறினாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கடத்தி வந்ததை உள்ளூர்ப் பிறப்பு என்று எழுதிக் கொடுத்தால் கண்டுபிடிப்பது எளிதல்ல.

பாம்பைக் கையாளத் தெரிந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் மணல் போட்ட மண்பானைகளில் பாம்புகளை வைத்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறது. பாம்பே பிழைப்பான அவர்களுக்குச் சில வாரம் போதும். பால் பைத்தானோ 20, 30 ஆண்டு இருக்கும். கல்லூரிப் பையன் வாங்கியது அவனுக்கு வேலை, கல்யாணம், ஊர்மாற்றம் எல்லாம் ஆன பிறகும் பெட்டியில் கிடக்கும். சலித்துப்போய் ஏரிக்கரையில் விட்டால்? ஃப்ளோரிடாவில் வளர்ப்போரிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநில விலங்குகளைத் தின்று பெருகின. 2017இல் அவற்றைப் பிடித்துத் தர மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களைத்தான் அழைத்துப் போனார்கள்.

கனகம்மாசத்திரத்தில் யாராவது யோசனை கேட்டால், பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் முதலில் வாங்கச் சொல்வேன். பாம்பில்லாத அந்தப் பெட்டியை மே மாதம் முழுக்க 32க்கு மேல் ஏறாமல் வைத்துக் காட்டட்டும்.